பொங்கல் பானைக்குப் பிள்ளைகளே விதைக்கும் பயறு: எப்போது போடுவது?

ஒட்டுசுட்டான் டீச்சர்
தரம் 3, 4 பிள்ளைகள் 24 பேர். தைப்பொங்கல் பானையில் அவர்கள் விளைவித்த ஏதாவது ஒன்று விழவேணும். பயறு (பாசிப்பயறு) போட யோசிக்கிறேன். நிலம் மணல் கலந்த செம்மண், கிணறு தூரம், இடையில் மார்கழி விடுமுறை. எப்போது விதைக்கலாம்? பொங்குவதற்கு அளவும் சொல்லுங்கோ. பயற்றைத் தவிர வேறேதும் பொருந்துமா?

வவுனிக்குளத்தான்
பயறு 60–65 நாளில் நெற்றாகும். ஆகவே ஒக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதல் கிழமையிலோ போடுங்கோ. முந்திப் போட்டால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கேக்கை நெற்று வெடித்துக் கொட்டிப்போகும். மழைத் தண்ணீரே போதும், கிணறு தேவைப்படாது.

பயம் கார்த்திகை மழைதான். வேரில் தண்ணீர் தேங்கினால் இலை மஞ்சளாகி, வேர் அழுகும். பாத்தியை அரை அடி உயர்த்தி, சுற்றி வாய்க்கால் வெட்டுங்கோ. 10 அடிக்கு 6 அடி போதும். வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி 10 சென்ரிமீற்றர், குழிக்கு இரண்டு விதை. ஆழம் பிள்ளையின் சுட்டுவிரலில் முதல் கணு வரைதான். அதற்கு மேல் தாண்டால், மழையில் மண் இறுகி முளை வெளியே வராது.

ஒரே செடியில் பச்சை, மஞ்சள், கறுப்பு என மூன்று நிறத்திலும் காய் நிற்கும். மூன்றையும் பாயில் பரப்பி உடைத்துக் காட்டுங்கோ, பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். கறுத்ததை மட்டும் விடியப்புறம் பனி காயமுதல் ஆய்ந்தால் வெடிக்காது. மழை பெய்தாலும் ஆயாமல் விடாதேங்கோ, நெற்றுக்குள்ளேயே முளைத்துவிடும். பல்லில் கடித்தால் 'டக்' என்று உடையும்வரை காயவேணும்.

மாங்குளம் அடுப்படி
24 பேருக்கு: சிவப்புப் பச்சையரிசி 1 கிலோ, பயறு 250 கிராம், சர்க்கரை முக்கால் கிலோ, இரண்டு தேங்காயின் பால். பாலும் தண்ணீருமாக 4 லீற்றர். பயற்றை வாசம் வரும்வரை வறுத்து, திரிகையில் உடைத்து, சுளகில் கோது புடையுங்கோ. புடைப்பதைப் பிள்ளைகளே செய்யலாம், வறுப்பது பெரியவர்கள்.

அரிசி நசியும்வரை சர்க்கரை போடக்கூடாது. முந்திப் போட்டால் அரிசி விறைத்து, எவ்வளவு நேரம் எரித்தாலும் அவியாது. கட்டிச் சர்க்கரையில் மண் இருக்கும், கரைத்து வடியுங்கோ. வடித்த சர்க்கரையைப் பானையில் விட்டதும் விறகை இழுத்துவிட்டு அகப்பையால் அடியோடு கிண்டுங்கோ, இல்லையெண்டால் அடிப்பிடிக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கோ: எங்கட வன்னிப் பக்கம் காலபோக (மழைக்கால) நெல் பொங்கலன்று பெரும்பாலும் வயலில்தான் நிற்கும், பானையில் போவது பழைய அரிசி. புது நெல்லுக்குத் தைப்பூசத்தில் புதிர் (முதல் கதிர்) எடுக்கலாம். முற்றிய வயலில் ஒரு பிடி கதிர் கொய்து, உரலில் குத்தி, உமியை ஊதிப் பார்க்கட்டும். ஒரு பிடிச் சோற்றுக்கு எத்தனை கதிர் வேணும் என்பதைக் கையே சொல்லும்.

கருக்குமட்டை
பயறு நல்லது, ஆனால் விடுமுறையில் ஆளில்லாத பள்ளிக்கூடத்துக்கு என் தெரிவு பனங்கிழங்கு. ஆவணியில் விழும் பனம்பழத்தின் விதையைப் பொறுக்கி, உதிரி மண்ணில் இரண்டடி உயரப் பாத்தி கட்டி, மேலே நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடினால் சரி. முளை கீழ்நோக்கித்தான் இறங்கும், அதனால்தான் உயரம். மண் இறுகினால் கிழங்கு கோணலாகும், கட்டையாகும்.

தையில் கிண்டுங்கோ. குருத்து வெளியே விரிந்தபின் கிண்டினால் தும்புதான் மிஞ்சும். விதையைப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் பூரான் (பஞ்சு போன்ற பருப்பு), அதைச் சாப்பிடக் கொடுங்கோ. கிழங்கை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தோல் உரித்து, நடு ஈர்க்கை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம்.

ஒட்டுசுட்டான் டீச்சர்
இரண்டையும் போடுவம். இங்கே பன்றித் தொல்லை.

கருக்குமட்டை
அப்ப வேலியை முதல் அடையுங்கோ. பன்றி பனம்பாத்தியை ஒரே இரவில் கிளறிப்போடும். பனையின் கருக்கு மட்டையை நெருக்கி, அரை அடி மண்ணுக்குள் தாட்டுக் கட்டுங்கோ. மேலே மட்டும் கட்டினால் அடியால் நுழையும். மயிலுக்கு வேலி காணாது, பயறு முளைத்து இரண்டு கிழமைக்குப் பாத்திக்கு மேல் வலை வேணும்.