மறு: விவிலிய நாடுகளின் பழைய வரைபடங்கள் – ‘செப்பேட்டு வரைபடம்’ பொருந்துமா?

அன்புள்ள ஐயா, நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

> செம்பில் வெட்டி அச்சிட்டதுதானே, ‘செப்பேட்டு வரைபடம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

செம்புத் தகட்டில் வெட்டிக் காகிதத்தில் அச்சிட்ட பழைய விவிலிய வரைபடங்களுக்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்குச் செப்பேடு வேண்டாம் ஐயா. அந்தச் சொல்லைக் கேட்டதும் திருவாலங்காடு, லெய்டன் என்ற சோழர் காலச் செப்பேடுகள்தான் நினைவுக்கு வரும். அங்கே செம்பையே படிக்கிறோம். இங்கே கையில் இருப்பது காகிதம். தகட்டில் ஊர்ப்பெயரெல்லாம் இடவலம் மாறி இருக்கும். இந்த மாற்றத்தில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1525இல் சூரிக்கில் ஃப்ரோஷவர் அச்சிட்ட பழைய ஏற்பாடே சாட்சி. அதில் சேர்த்த, ஜெர்மானிய ஓவியர் கிரானாக்கின் வரைபடம் திரும்பி அச்சாகி, மத்தியதரைக் கடல் பாலஸ்தீனத்துக்குக் கிழக்கே போய்விட்டது!

அது மரக்கட்டை அச்சு. ‘பொறிப்பு’ என்று பொதுவாகச் சொன்னால் அதுவும் செம்புத் தகட்டு அச்சோடு கலந்துவிடும் என்பதுதான் என் கவலை. இரண்டும் நேர் எதிரான வேலை. மரத்தில் கோட்டைச் சுற்றியிருப்பதை வெட்டி எடுத்துவிட்டு, மேடாக நிற்கும் கோட்டில் மை தடவுவார்கள். செம்பில் கோடே பள்ளம். உளியால் கீறி, மை பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தினால் பள்ளத்து மை காகிதத்தில் ஏறிவிடும். மயிரிழைக் கோடும் பொடி எழுத்தும் இதனால்தான் கைகூடின. 1581இல் வந்த, ஜெர்மானியப் பாதிரியார் பியூன்டிங்கின் மூவிலை வடிவ உலகப்படத்தை, எருசலேமை நடுவில் வைத்த அந்த மரக்கட்டை அச்சைப் பாருங்கள். பிறகு வரைபடக் கலைஞர் ஓர்த்தேலியஸ் செம்புத் தகட்டில் அச்சிட்ட ஆபிரகாம் பயண வரைபடத்தைப் பாருங்கள். கானானைச் சுற்றி 22 வட்டப் படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முழுக் காட்சி. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டாமா?

சிற்பக்கலையில் ‘புடைப்புச் சிற்பம்’ ஏற்கெனவே இருக்கிறது. அதே வழியில் மரக்கட்டை வேலையைப் ‘புடைப்பச்சு’ என்றும் செம்பு வேலையைக் ‘குழிவச்சு’ என்றும் சொல்லலாம். அமிலத்தால் அரித்துச் செய்வதும் குழிவச்சில் அடங்கும். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘உளிக் குழிவச்சு’, ‘அமிலக் குழிவச்சு’ என்றால் போதும். அப்புறம், அழுத்தும்போது தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிகிறதே, பழம்படம் வாங்குவோர் முதலில் தேடுவது அதைத்தான். அதற்குத் ‘தகட்டுத் தடம்’ சரியாக இருக்கும்.

‘திருநாட்டு வரைபடம்’ என்ற யோசனையும் வந்தது. காதுக்கு இனிமைதான். ஆனால் வைணவ வழக்கில் திருநாடு பரமபதம். திருநாடு அலங்கரித்தார் என்றால் காலமானார் என்று பொருள். ‘புனித பூமி’யும் எகிப்தையும் மெசபொத்தேமியாவின் ‘ஊர்’ என்ற பழைய நகரையும் பவுலின் கடல்வழியையும் காட்டும் படங்களுக்குப் போதாது. ‘விவிலிய நிலங்கள்’ எல்லாவற்றையும் தழுவும்.

ஆக, என் பரிந்துரை: ‘விவிலிய நிலங்களின் குழிவச்சு வரைபடம்’. ‘குழிவச்சு’ வாயில் நன்றாக வருகிறதா, ‘குழியச்சு’ மேலா என்பதை மட்டும் அச்சுத்தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.