கருமணலில் மஞ்சள் துகள் தட்டில் நிற்காமல் தண்ணீரோடு ஓடுகிறது, எப்படிப் பிடிப்பது?

டோட்டி செல்வா
வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். கடல் கொந்தளித்து அடங்கிய பிறகு டர்பனுக்குத் தெற்கே எங்கள் பக்கம் கருமணல் நிறைய ஒதுங்கியிருக்கிறது. ஒரு வாளி அள்ளி வந்து தட்டில் அலசினேன். மினுமினுவென்று மஞ்சள் துகள்கள் நிறையத் தெரிகின்றன, தங்கமோ என்று நினைக்கிறேன். ஆனால் கடைசியில் கருப்பு அடியில் நின்றுவிடுகிறது, மஞ்சள் மட்டும் தண்ணீரோடு ஓடிவிடுகிறது. காந்தமும் வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. மஞ்சளை எப்படிப் பிடித்து நிறுத்துவது? சனிக்கிழமை மறுபடி போகிறேன், அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாட்ஸ்வொர்த் வேலு
எந்தக் கடற்கரை தம்பி? அதைச் சொல்லவே இல்லையே. டோட்டியா, இன்னும் தெற்கே தள்ளியா?

மரிட்ஸ்பர்க் தேவி
கடல் தண்ணீரிலேயே அலசினீர்களா, குழாய்த் தண்ணீரிலா? தட்டு என்றால் ஓரத்தில் வரி வைத்த பிளாஸ்டிக் தட்டா, சமையலறைத் தட்டா? மணலை முதலில் சலித்தீர்களா? காந்தம் சரிவரவில்லை என்றால் எதுவுமே ஒட்டவில்லையா, இல்லை எல்லாமே ஒட்டிக்கொள்கிறதா? இவ்வளவும் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

சுரங்கத்து ஆறுமுகம்
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வாளியைத் தூக்கலாம். நான் கார்ல்டன்வில் பக்கம் நிலத்தடியில் வேலை பார்த்தவன். ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் தங்கம், அதுவும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தால் அது தங்கம் இல்லை. அவ்வளவுதான்.

ஃபீனிக்ஸ் கணேஷ்
ஆறுமுகம் அண்ணே, அது சுரங்கத்தில் தங்கம் உள்ளே அடைபட்டிருக்கும் ரீஃப் பாறைக்குப் பொருந்தும். ஆற்றிலும் கடற்கரையிலும் கிடைக்கும் தங்கம் பாறையை விட்டு எப்போதோ வெளியே வந்தது, அது கண்ணுக்குத் தெரியும். 1899இல் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் ஆயிரக்கணக்கான பேர் மணலை அலசித்தான் எடுத்தார்கள். நியூசிலாந்தின் மேற்குக் கரையில் இன்றும் கருமணலில் எடுக்கிறார்கள்.

செல்வா, கடற்கரைத் தங்கம் மாவு மாதிரிப் பொடியாக, தட்டையாக இருக்கும். தட்டில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோ கைப்பிசுக்கோ இருந்தால் போதும், எடை இருந்தும் தண்ணீரின் மேல்தோலில் மிதந்து ஓடிவிடும். உங்களுக்கு அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். பாத்திரம் கழுவும் சன்லைட் இரண்டு சொட்டு விடுங்கள், மிதப்பது அடியில் இறங்கிவிடும். புதுத் தட்டாக இருந்தால் முதலில் சூடான சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

சாட்ஸ்வொர்த் வேலு
எனக்கு இதில் ஒரு யோசனை ரொம்ப நாளாக இருக்கிறது. ஜோஹானஸ்பர்க் பக்கம் அவ்வளவு தங்கம் இருக்கும்போது, மழை வெள்ளத்தில் கொஞ்சமாவது ஆற்றோடு இங்கே வந்து சேராதா? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மேட்டு நிலத்திலிருந்து எவ்வளவு மண் கடலுக்கு வந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோமே.

ரிச்சர்ட்ஸ்பே ஜெரின்
வேலு அண்ணே, வராது. ஜோஹானஸ்பர்க் நிற்கும் அந்த மேடே ஒரு நீர்ப்பிரிமேடு. தெற்குச் சரிவில் விழும் மழை வால் ஆற்றில் சேர்ந்து, ஆரஞ்சு ஆறாகி, அட்லாண்டிக்கில் விழுகிறது. வடக்குச் சரிவில் விழுவது லிம்போபோ வழியாக மொசாம்பிக்கில் போய்ச் சேருகிறது. டர்பன் கடலுக்கு அந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. துகேலா ஆறு கொண்டுவராதா என்று கேட்டால், அதன் முகத்துவாரம் டர்பனுக்கு வடக்கே. இந்தக் கரையோரம் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. அதனால்தான் டர்பன் துறைமுகத்தின் தெற்குச் சுவரில் தேங்கும் மணலை எடுத்து வடக்கே நகரக் கடற்கரைக்குத் தள்ளுகிறார்கள். துகேலா மணல் டோட்டிக்குத் திரும்பி வர வழி இல்லை.

செல்வா, நான் கன்னியாகுமரி மாவட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம். தாது மணல் பார்த்து வளர்ந்தவன், இங்கேயும் அதே வேலைதான். உங்கள் கருப்பு என்ன என்று முதலில் சொல்கிறேன்.

இந்தக் கரையின் கருமணலில் பெரும்பகுதி இல்மனைட். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்டின் வெண்மை கடைசியில் இதிலிருந்துதான் வருகிறது. உம்கபாபாவில் 1950களில் இதற்காகவே மணல் தோண்டினார்கள், ரிச்சர்ட்ஸ்பேயில் 1970களிலிருந்து நடக்கிறது. இதோடு கார்னெட், சிர்க்கான், ரூட்டைல், கொஞ்சம் மேக்னடைட் எல்லாம் கலந்திருக்கும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் மேக்னடைட்டை மட்டும்தான் இழுக்கும். இல்மனைட்டுக்கு வலுவான நியோடிமியம் காந்தம் வேண்டும். நீங்கள் வைத்தது சாதாரணக் காந்தமாக இருந்தால் கருப்பு அப்படியே கிடந்திருக்கும். அதில் ஆச்சரியமில்லை.

இது எப்படி ஒதுங்குகிறது என்றால், மேலேறும் அலைக்கு வேகம் அதிகம், எல்லா மணலையும் தூக்கி வரும். திரும்பும் தண்ணீருக்கு அந்த வலு இல்லை, லேசான வெள்ளை மணலை மட்டும் இழுத்துப்போகும். கனமானது மேட்டில் தங்கிவிடும். கொந்தளிப்புக்கு மறுநாள் கரையை மண்வெட்டியால் நேராக வெட்டிப் பாருங்கள். கருப்பு ஒரு கோடு, வெள்ளை ஒரு கோடு, நடுவில் கார்னெட்டின் ரோஸ் நிறம் என்று அடுக்கடுக்காகத் தெரியும். ஆகவே கருமணல் இருக்கிறது என்றால் கனமான மணல் சேர்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம், தங்கம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரை 1 என்று வைத்தால் தங்கத்தின் அடர்த்தி 19.3, இல்மனைட் 4.7, கார்னெட் கிட்டத்தட்ட 4, வெள்ளைக் குவார்ட்ஸ் 2.65. தங்கம் இல்மனைட்டைப் போல நான்கு மடங்கு கனம். கருப்பு நின்று மஞ்சள் ஓடுகிறது என்றால், அந்த மஞ்சள் கருப்பைவிட லேசானது. அதை ஏன் பிடித்து நிறுத்த வேண்டும்? ஓடுவதே அது என்ன என்று சொல்லிவிடுகிறது. அது காக்காப்பொன், அதாவது அபிரகம். தெற்குக் கரைக்கு உள்ளே கிரானைட்டும் நைஸும் நிறைய உண்டு. அந்தப் பாறைகளின் கருப்பு அபிரகம் வெயிலிலும் மழையிலும் மட்கினால் பொன்னிறமாகிவிடும்.

ஃபீனிக்ஸ் கணேஷ்
ஜெரின், நீங்கள் சொல்வது முக்கால்வாசி சரி. ஆனால் பொடித்தங்கமும் மிதக்கும், அதை விட்டுவிட்டீர்கள். ஓடுவதை மட்டும் வைத்து அபிரகம் என்று முடிவு கட்டக் கூடாது. எத்தனையோ பேர் இப்படித்தான் நல்லதையும் கீழே கொட்டுகிறார்கள்.

ரிச்சர்ட்ஸ்பே ஜெரின்
சரி, அது நியாயம். அப்படியானால் உங்கள் சோப்புச் சொட்டே சோதனையாகட்டும். சோப்பு விட்ட உடனே மூழ்கி ஒரே இடத்தில் உட்கார்ந்தால் தங்கம். சோப்பு விட்ட பிறகும் புரண்டு புரண்டு தண்ணீரோடு அலைந்தால் அபிரகம். கூடவே இன்னும் இரண்டு பார்க்கலாம். தட்டைக் குடை நிழலுக்குக் கொண்டுபோங்கள். தங்கம் நிழலிலும் அதே மஞ்சள்தான், அபிரகம் வெயில் படும் கோணத்தில் மட்டும் பளிச்சிட்டு நிழலில் பழுப்பாகிவிடும். அப்புறம் ஒரு துகளை நகத்தில் வைத்து ஊசிமுனையால் அழுத்துங்கள். தங்கம் பள்ளம் விழுந்து நசுங்கும், தங்கம் மாதிரியே தெரியும் பைரைட் நொறுங்கும், அபிரகம் ஏடு ஏடாகப் பிரியும்.

அலசும் முன் ஒரே அளவுக்குச் சலித்துக்கொள்வதும் முக்கியம். பெரிய கார்னெட் மணியும் சின்னத் தங்கத் துகளும் தண்ணீரில் ஒரே வேகத்தில் இறங்கினால் பிரிக்கவே முடியாது.

டங்காட் மணி
எதற்கு இவ்வளவு சிரமம்? கொஞ்சம் பாதரசம் விட்டுக் கலக்கினால் தங்கமாக இருந்தால் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சூடு காட்டினால் பாதரசம் போய்விடும்.

மரிட்ஸ்பர்க் தேவி
மணி, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். பாதரசம் போய்விடுவதில்லை, ஆவியாகி மூச்சில் போகிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். கடலில் கொட்டினால் மீனில் சேர்ந்து நம் தட்டுக்கே திரும்பி வருகிறது. செல்வா, இதை முயற்சி செய்யவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுவரை யாரும் சொல்லவில்லை. அது தங்கமாகவே இருந்தாலும் தென்னாப்பிரிக்காவில் நீங்கள் அதை வீட்டில் வைத்திருக்க முடியாது. 2005ஆம் ஆண்டின் விலையுயர்ந்த உலோகச் சட்டப்படி, நகையாகவோ பொருளாகவோ ஆகாத கச்சாத் தங்கத்தை உரிமமோ அனுமதியோ இல்லாமல் வைத்திருப்பது, வாங்குவது, விற்பது எல்லாமே குற்றம். "ஒரு ஆசாரியிடம் கொடுத்து உரைத்துப் பார்" என்று யாராவது யோசனை சொல்வார்கள், அதைச் செய்தால் அவரையும் சிக்கலில் மாட்டிவிடுகிறீர்கள். அதற்கும் முன்னால், 2002ஆம் ஆண்டின் கனிம வளச் சட்டப்படி மண்ணில் இருக்கும் கனிமம் மக்கள் அனைவருக்கும் பொது, அரசு அதன் காவலர். உரிமை வாங்காமல் தேடவும் கூடாது, தோண்டவும் கூடாது. பொழுதுபோக்குக்கு என்று தனி விலக்கு எதுவும் அதில் இல்லை.

தட்டு அலசும் கைப்பக்குவம்தான் வேண்டும் என்றால் பில்கிரிம்ஸ் ரெஸ்ட் போகலாம். 1873இல் ஆற்றுத்தங்கம் கிடைத்த ஊர், அங்கே அலசும் போட்டியே நடத்துகிறார்கள். வருபவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள்.

சுரங்கத்து ஆறுமுகம்
நான் ஒரு வரியில் சொன்னதைத்தான் இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். தங்கம் இல்லை. சட்டம் என்னவென்று சுரங்கத்தில் வேலை பார்த்த எங்களுக்கு நன்றாகத் தெரியும். வாசலில் உடம்பு முழுக்கச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். சுரங்கத்தில் திருட்டுத்தனமாகத் தோண்டும் ஜாமா ஜாமா ஆட்களைப் பிடிப்பதும் இதே சட்டங்களை வைத்துத்தான்.

சாட்ஸ்வொர்த் வேலு
ஒரு வாளி மணல் அள்ளியவனை ஜாமா ஜாமாவோடு சேர்த்துப் பேசுவது சரியில்லை அண்ணே. கடற்கரையில் மெட்டல் டிடெக்டர் வைத்து மோதிரம் தேடுகிறார்களே, அதுவும் குற்றமா?

மரிட்ஸ்பர்க் தேவி
மோதிரம் ஏற்கெனவே செய்த நகை, கச்சாத் தங்கத்துக்கான கட்டுப்பாடு அதற்கு வராது. ஆனால் அது ஒருவர் தொலைத்த பொருள். தொலைத்ததும் தூக்கி எறிந்ததும் சட்டத்தில் வேறு வேறு. எடுத்தவர் தனக்கென்று வைத்துக்கொண்டால் திருட்டாகலாம். போலீஸ் நிலையத்தில் ஒப்படைப்பதுதான் முறை. பெயர் பொறித்த கல்யாண மோதிரத்தை இழந்தவர்கள் எவ்வளவு தவிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் வேலு
அது சரி. ஆனால் கப்பல் பொருள்? குரோவ்னர் கப்பல் இந்தக் கரையில்தானே உடைந்தது? மதராஸிலிருந்து கிளம்பிய கப்பல், அதில் இருந்த பொன் எல்லாம் கடலில் போயிற்று என்று எங்கள் பெரியப்பா சொல்வார். செல்வாவின் மஞ்சள் ஏன் அதிலிருந்து வந்திருக்கக் கூடாது?

ரிச்சர்ட்ஸ்பே ஜெரின்
பெரியப்பா சொன்னதில் கப்பல் உண்மை. மதராஸிலிருந்து புறப்பட்டு, திருகோணமலை வழியாக வந்து, 1782 ஆகஸ்ட் 4இல் டர்பனுக்குத் தெற்கே பொண்டோலாந்துக் கரையில் உடைந்தது. பிழைத்துக் கரையேறியவர்களில் பெரும்பாலோர் கேப் டவுன் நோக்கி நடந்தே வழியில் இறந்துபோனார்கள். எனக்கு அந்தக் கப்பல் என்றால் புதையலைவிட அந்த நடைதான் நினைவுக்கு வரும். அங்கே காசுகள் கிடைத்ததும் உண்மை. ஆனால் காசு காசாகத்தான் கிடைக்கும், உரசி மாவாகி இவ்வளவு தூரம் வராது.

மரிட்ஸ்பர்க் தேவி
அங்கேயும் யாரும் தோண்டக் கூடாது. 1999ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டப்படி அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கப்பல் சிதைவுகள் பாதுகாக்கப்பட்டவை.

சுரங்கத்து ஆறுமுகம்
குரோவ்னருக்காகச் சுரங்கமே வெட்டிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் போன கம்பெனிகள் உண்டு. படிக்காமல் பேசுவதுதான் இங்கே பிரச்சினை.

சாட்ஸ்வொர்த் வேலு
படித்தவர் சொல்லிக்கொடுத்தால் கேட்டுக்கொள்கிறோம் அண்ணே. யாரும் கேட்கவே கூடாது என்றால் எப்படி? 2021 ஜூனில் லேடிஸ்மித் பக்கம் குவாஹ்லாதியில் ஆயிரக்கணக்கான பேர் வைரம் என்று தோண்டினார்கள், சோதித்தபோது குவார்ட்ஸ் என்று தெரிந்தது. வேலை இல்லாத சனம், பசி. அவர்களைப் பார்த்துப் படிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஃபீனிக்ஸ் கணேஷ்
செல்வா எங்கே? எந்தக் கடற்கரை என்று இன்னும் சொல்லவில்லை.

டோட்டி செல்வா
மன்னிக்கவும், ஷிஃப்ட் வேலை. இடம் உம்கபாபா பக்கம். குழாய்த் தண்ணீர், சாதாரணக் காந்தம், சலிக்கவில்லை. ஜெரின் அண்ணே சொன்னபடி பார்த்தேன். நிழலில் மினுக்கம் போய்விட்டது, ஊசி வைத்தால் மெல்லிய ஏடாக உரிகிறது. காக்காப்பொன்தான். மணலைக் கடற்கரையிலேயே கொட்டிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. தேவி அக்கா, பில்கிரிம்ஸ் ரெஸ்ட் விவரம் தனியாகக் கேட்கிறேன்.

ஃபீனிக்ஸ் கணேஷ்
நல்லது. சோப்பு விட்டுப் பார்த்தீர்களா? விட்ட பிறகு கருப்புக்கு அடியில் ஏதாவது அசையாமல் நின்றதா?