பின்வாசல் நிலையை அரிக்கும் கரையான்: பக்கத்தில் கிணறு, என்ன செய்யலாம்?

வணக்கம். திருமயம் பக்கம் தாத்தா கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. மண் சுவர், கூரை தாங்கும் பனங்கை (பனைமரச் சட்டம்), நாட்டு ஓடு. ஐப்பசி மழைக்குப் பிறகு சுவரில் மண்கோடு ஏறி, பின்வாசல் நிலைக்குள் கரையான் புகுந்துவிட்டது. தட்டினால் ஒரு முழ உயரத்துக்குப் பொத்துச் சத்தம்.

கோட்டைச் சுரண்டிவிட்டு வேப்பெண்ணெய் பூசினேன். பத்தே நாளில் பக்கத்தில் புதுக்கோடு. அப்புறம்தான் புரிந்தது: கூடு மண்ணுக்கு அடியில் இருந்தால், மேலே பூசுவது அதன் வழியை மாற்றுமே தவிர கூட்டத்தைக் குறைக்காது. அந்தச் சுவரை ஒட்டித்தான் விறகு அடுக்கியிருந்தோம், குளிக்கிற தண்ணீரும் அங்கேயே தேங்கியது. இரண்டையும் சரிசெய்துவிட்டோம்.

தரையில் துளை போட்டு மருந்து விடச் சொல்கிறார்கள். எட்டடி தள்ளிக் குடிதண்ணீர்க் கிணறு. அம்மாவுக்கு மனமே வரவில்லை, எனக்கும்தான்.

முந்திரிக்கொட்டை எண்ணெய் மரத்துக்குப் பூசுவார்களே, பழைய நிலையில் அது ஊறுமா? கையில் பட்டால் புண்ணாகும் என்று தெரியும். நன்றாகக் காய்ந்தபின் குழந்தைகள் தொட்டால் பரவாயில்லையா?

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். அரித்த அடிப்பகுதியை அறுத்துவிட்டு நிலைக்குக் கீழே கருங்கல் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மண் சுவர் விரிசல் விடாமல் எப்படி முட்டுக் கொடுத்தீர்கள்? வைரம் பாய்ந்த பனங்கையைக் கரையான் இன்னும் தொடவில்லை. அதுவரை ஏறவிடக் கூடாது. படம் வேண்டுமென்றால் போடுகிறேன்.