ஓமந்தூராரைப் பார்த்தவங்க யாராச்சும் உங்க வீட்ல இருந்தாங்களா?

திண்டிவனத்தான்:
போன மாசம் அப்பாவுக்கு நெஞ்சு பாக்க சென்னைல ஓமந்தூரார் ஆஸ்பத்திரி போனோம். வரிசைல பக்கத்துல நின்ன பையன், "அண்ணே, ஓமந்தூரார்னா பெரிய டாக்டரா?"ன்னான். சிரிச்சிட்டேன். ஆனா எனக்கும் ரெண்டு வரிக்கு மேல சொல்ல வரல. எங்க ஊர்ல இருந்து பாண்டி போற ரோட்டுலதான் ஓமந்தூர். மல்லாட்டை (நிலக்கடலை) விளையுற பூமி. அங்க ஏர் பிடிச்ச குடும்பத்து ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச்சுல, அதுவரை பதவில இருந்த பிரகாசம் இறங்கினதும் சென்னை மாகாணத்துக்கே பிரதமர் ஆனார் (அப்ப முதலமைச்சரை அப்படித்தான் சொல்லுவாங்க). சுதந்திரம் வந்த அன்னிக்கு நாற்காலில இருந்தது அவர்தான். உங்க வீட்டுப் பெரியவங்க ஏதாச்சும் சொல்லியிருந்தா எழுதுங்க.

வடலூர் பேத்தி:
எங்க ஆயா பாத்திருக்கு. பதவியை விட்டுட்டு வடலூர்ல சுத்த சன்மார்க்க நிலையம் நடத்திட்டு இருந்த காலம். கதர் வேட்டி, தோள்ல துண்டு. "மந்திரியா இருந்தவருன்னு சொன்னாங்க, எனக்கு எங்க மாமனார் களத்துமேட்டுல நிக்கிற மாதிரிதான் இருந்துச்சு"ன்னு சொல்லும். அதுக்கு மேல ஆயாவுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல.

சிவகங்கைச் சீமை:
எங்க ஐயா அவரைக் கண்ணால கண்டதில்ல. ஆனா தகரப் பெட்டிக்குள்ள, வேட்டிக்கு அடியில, நாலா மடிச்ச காயிதம் ஒண்ணு வச்சிருந்தாக. மடிப்புல கிழிஞ்சு, பின்னாடி கஞ்சிப்பசை போட்டு ஒட்டியிருக்கும். ரயத்துவாரி பட்டா, அதாவது நிலம் குடியானவன் பேர்லன்னு சர்க்கார் குடுத்த காயிதம். 1948-ல இவர் ஆட்சியில போட்ட எஸ்டேட் (ஜமீன்) ஒழிப்புச் சட்டத்தால வந்தது. அதுக்கு முன்ன தீர்வை ஜமீனுக்கு. செட்டில்மெண்டுக்காரங்க சங்கிலி பிடிச்சு அளந்துட்டுப் போன பிறகு நேரா சர்க்காருக்கு. ரசீதுல ஜமீன் முத்திரை இல்லைன்னு ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாகளாம். எங்களை அந்தப் பெட்டியைத் தொட விடமாட்டாக.

குறுக்குச்சால்:
எல்லாம் சரி. பட்டா யாருக்கு வந்துச்சு? ஜமீன்கிட்ட நேரா நிலம் வச்சிருந்த குடியானவனுக்கு. அவன்கிட்ட விளைச்சல்ல பங்கு பேசி வாரத்துக்கு உழுதவனுக்கும் பண்ணையாளுக்கும்? எங்க தாத்தா அந்த ரெண்டாவது வகை. எங்க வீட்ல பெட்டியும் இல்ல, காயிதமும் இல்ல. 1948-ல பள்ளிக்கூடத்துல இந்தியைக் கொண்டாந்து போராட்டத்தை வாங்கிக் கட்டிக்கிட்டதும் இவர் ஆட்சிதான். ஆனா 1947-ல வந்த கோயில் நுழைவுச் சட்டத்தையும் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தையும் நான் குறைச்சுச் சொல்லமாட்டேன். தாத்தா முதல்முதலா ஊர்க்கோயில் கொடிமரத்தைத் தாண்டிப் போனது அதுக்கப்புறம்தான்.

திண்டிவனத்தான்:
குறுக்குச்சால் சொல்றது நியாயம். சொந்தக் கட்சிக்காரங்க சிபாரிசுக்கு வந்தா வளைஞ்சு குடுக்கமாட்டார்னு எங்க பக்கம் இன்னமும் பேசுவாங்க. 1949 ஏப்ரல்ல அவர் நாற்காலிக்கு குமாரசாமி ராஜா வந்துட்டார், மொத்தம் ரெண்டே வருசம். சிவகங்கை அண்ணே, அந்தக் காயிதம் இப்ப யார்கிட்ட இருக்கு?

சிவகங்கைச் சீமை:
சித்தப்பாகிட்ட. நிலத்தை வித்தாச்சு தம்பி, காயிதம் மட்டும் இருக்கு.