ஃப்ளோவில் நன்றாகத் தெரியும் கெல் ஆன்டிபாடி, வெஸ்டர்ன் பிளாட்டில் (புரோட்டீன்களை ஜெல்லில் பிரித்து, ஒரு தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் முறை) ஒன்றுமே காட்டவில்லை. எங்கே பார்ப்பது?

செவ்வணு: மனித சிவப்பணு சவ்வில் இருக்கும் கெல் கிளைக்கோபுரோட்டீனைப் பார்க்க எலி மோனோகுளோனல் ஆன்டிபாடி ஒன்று வைத்திருக்கிறேன். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (முழு செல்களை ஒளிரும் சாயத்தால் ஒவ்வொன்றாக அளக்கும் முறை) சிக்னல் சுத்தமாக வருகிறது, கெல் இல்லாத செல்லில் வருவதில்லை, ஆகவே ஆன்டிபாடி மேல் சந்தேகமில்லை. ஆனால் அதே செல்லை உடைத்து கோஸ்ட் (உள்ளிருப்பது நீங்கிய வெறும் சவ்வு) தயாரித்து, வழக்கமான சாம்பிள் பஃபரில் (டைசல்பைடு பிணைப்புகளை உடைக்கும் ரிடக்டன்டான பீட்டா மெர்காப்டோஎத்தனால் உண்டு) 95 டிகிரியில் கொதிக்கவைத்து ஜெல்லில் ஓட்டினால் 93 கிலோடால்டனில் வெறும் வெள்ளை. பக்கத்து லேனில் கிளைக்கோஃபோரின் ஏ (சிவப்பணுவின் இன்னொரு சவ்வுப் புரோட்டீன்) ஆன்டிபாடி அருமையாக வேலை செய்கிறது, அதனால் டிரான்ஸ்ஃபர் கோளாறு என்றும் சொல்ல முடியவில்லை.

பட்டறை: கிளைக்கோஃபோரின் ஏ ஒரு செல்லில் சுமார் 10 லட்சம் இருக்கும், கெல் சில ஆயிரம்தான். ரெண்டையும் ஒரே அளவு லோடு செய்து ஒப்பிட்டால் எப்படி? கோஸ்ட்டை அதிகம் போடுங்கள், எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள்.

ஜெல்வாசி: அளவு விஷயம் சரிதான், ஆனால் இங்கே அது இரண்டாவது காரணம். கெல் புரோட்டீனின் வெளிப்பகுதியில் 15 சிஸ்டீன் (இரண்டு சேர்ந்தால் ஒரு டைசல்பைடு பிணைப்பு தரும் அமினோ அமிலம்), அதாவது மொத்த வடிவமுமே டைசல்பைடு பிணைப்புகளை நம்பித்தான் நிற்கிறது. ஃப்ளோவில் மடிந்த வடிவத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி, மெர்காப்டோஎத்தனால் போட்டு அவிழ்த்துவிட்ட சங்கிலியில் எதைப் பிடிக்கும்? கிளைக்கோஃபோரின் ஏ-யின் வெளிப்பகுதியில் அப்படிப்பட்ட பிணைப்பே கிடையாது, அதனால்தான் அது எந்த பஃபரிலும் சிரித்துக்கொண்டு வருகிறது. அதை வைத்து கெல்லுக்குத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ரிடக்டன்ட் இல்லாமல் ஓட்டுங்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள், 37 டிகிரி போதும். செல் உடைக்கும் பஃபரிலேயே என்-எத்தில்மாலிமைடு (பிணையாமல் இருக்கும் சிஸ்டீன்களை அடைப்பது) சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் டைசல்பைடுகள் இடம் மாறிக் குழப்பும்.

சந்தேகம் இருந்தால் முதலில் ஃப்ளோவிலேயே சோதித்துவிடலாம். முழு செல்லை 0.2 மோலார் டிடிடியில் (இதுவும் ஒரு ரிடக்டன்ட்; பிஹெச் 8) 37 டிகிரியில் அரை மணிநேரம் வைத்துக் கழுவிச் சாயமேற்றுங்கள். கெல் சிக்னல் போய், கிளைக்கோஃபோரின் ஏ அப்படியே நின்றால் விடை கிடைத்துவிட்டது. ரத்த வங்கியில் டாராட்டுமுமாப் (ஒரு புற்றுநோய் ஆன்டிபாடி மருந்து) எடுக்கும் நோயாளிகளின் மாதிரிக்கு இதே டிடிடி வேலையைத்தான் செய்கிறார்கள், அந்த மருந்து ஒட்டும் சிடி38 புரோட்டீன் சிவப்பணுவிலிருந்து போவதற்காக. கூடவே கெல்லும் போய்விடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த தலைவலி.

செவ்வணு: டிடிடி போட்டதும் கெல் சிக்னல் காணாமல் போய்விட்டது, கிளைக்கோஃபோரின் அசையவில்லை! ரிடக்டன்ட் இல்லாமல் ஓட்டியதில் பேண்டும் வந்தது, ஆனால் 93-ல் இல்லை, 130 பக்கம். இது கண்டதையும் பிடிக்கிறதா? அப்புறம் 16 கிலோடால்டன் பக்கம் ஒரு கறை, முதல் ஆன்டிபாடி போடாத லேனில்கூட.

ஜெல்வாசி: அந்த 130-ஐப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட வேண்டும். கெல், எக்ஸ்கே என்ற இன்னொரு சவ்வுப் புரோட்டீனோடு ஒரே ஒரு டைசல்பைடால் கட்டப்பட்டிருக்கிறது. எக்ஸ்கே ஜெல்லில் 37 பக்கம் ஓடும், 93-உம் 37-உம் சேர்ந்தால் 130. அது சவ்வைப் பலமுறை ஊடுருவும் புரோட்டீன் என்பதால்தான் கொதிக்கவைக்காதீர்கள் என்றேன், கொதித்தால் ஒட்டிக் கட்டியாகி ஜெல்லின் தலையிலேயே உட்கார்ந்துவிடும். உறுதிப்படுத்த, கெல் இல்லாத செல்லின் கோஸ்ட்டைப் பக்கத்து லேனில் வையுங்கள். அங்கே 130 மறைந்தால் முடிந்தது.

பட்டறை: 16-ல் வருவது ஹீமோகுளோபின். ஹீமுக்குக் கொஞ்சம் பெராக்சிடேஸ் குணம் உண்டு, ஈசிஎல் (பெராக்சிடேஸ் பட்டால் ஒளிரும் திரவம்) போட்டதும் தானே ஒளிரும். கோஸ்ட் ரோஸ் நிறத்தில் இருந்தால் இன்னும் கழுவவில்லை என்று அர்த்தம். 5 மில்லிமோலார் பாஸ்பேட்டில், பிஹெச் 8, வெளுக்கும்வரை கழுவுங்கள், புரோட்டியேஸ் தடுப்பானை மறக்காதீர்கள், வெள்ளையணுவை முன்பே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

செவ்வணு: இதே ஆன்டிபாடியை வைத்து இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் புரோட்டீனைத் தனியே பிடித்தெடுப்பது) செய்து எக்ஸ்கே கூட வருகிறதா என்று பார்க்கலாமா?

ஜெல்வாசி: தாராளமாக. செல்லை உடைக்கும் முன்பே, முழு செல்லோடு ஆன்டிபாடியைச் சேர்த்து, மிச்சத்தைக் கழுவிவிட்டு, பிறகு ட்ரைட்டான் டிடர்ஜென்டில் கரையுங்கள். வடிவம் கெடுமுன் பிடித்துவிடலாம், ஆர்ஹெச்டி (ரத்தவகையின் ஆர்ஹெச் புரோட்டீன்) மாதிரி பிளாட்டில் முரண்டு பிடிக்கும் புரோட்டீன்களுக்கும் இந்த வழிதான் கைகொடுக்கும். ஒரு பள்ளம் இருக்கிறது: ரிடக்டன்ட் இல்லாத ஜெல்லில் முழு எலி ஐஜிஜி (பிடிக்கப் போட்ட ஆன்டிபாடியேதான்) 150-ல் வரும், உங்கள் 130-க்கு ரொம்பப் பக்கம், எலிக்கு எதிரான இரண்டாவது ஆன்டிபாடி அதைத்தான் முதலில் ஒளிரவைக்கும். அதனால் செல் பரப்பை முன்கூட்டியே பயோட்டின் ஏற்றி, பிளாட்டை ஸ்ட்ரெப்டாவிடின் எச்ஆர்பியால் (பயோட்டினைப் பிடிக்கும் புரோட்டீனோடு பெராக்சிடேஸ் இணைந்தது) பாருங்கள், ஐஜிஜி கண்ணிலேயே படாது. ஆன்டிபாடியோடு பிடித்தெடுத்த அதே பெல்லட்டில் பாதியை டிடிடியோடு ஓட்டினால் 93 தனியாகப் பிரிந்து வரும். எக்ஸ்கே வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருப்பதில்லை, பயோட்டின் மங்கலாகத்தான் ஏறும், அதற்குத் தனியாக ஓர் எக்ஸ்கே ஆன்டிபாடி தேவைப்படும்.