ஸ்டேஷன், கிராஃப்ட், செக்‌ஷன்: பண்ணைக்கு ஊருக்கு ஊர் மாறும் ஆங்கிலச் சொற்கள் (அனுபவப் பகிர்வு)

கோவை, ஆவண மொழிபெயர்ப்பு

விசாவுக்கும் வெளிநாட்டு வங்கிக்கும் நம் நிலப் பத்திரங்களை ஆங்கிலமாக்கும்போது முதலில் இடறுவது 'வெட் லேண்ட்'. நம் வருவாய்த்துறைக்கு அது நஞ்சை, அதாவது ஏரியோ வாய்க்காலோ பாயும் விளைநிலம். லண்டனில் கோப்பைப் பார்ப்பவருக்கு அது சதுப்பு நிலம். சதுப்புக்கு இவ்வளவு மதிப்பா என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். 'நஞ்சை' என்றே ஆங்கில எழுத்தில் எழுதி, வாய்க்கால் பாசனம் உள்ள சாகுபடி நிலம் என்று ஒரு வரி சேர்த்தால் கேள்வி எழாது. 'கார்டன் லேண்ட்' என்பதும் அப்படித்தான். கொங்குப் பக்கம் கிணற்றுப் பாசனத் தோட்டம். இங்கிலாந்தில் கார்டன் என்றால் வீட்டை ஒட்டிய பூச்செடியும் புல்தரையும். சென்ட் கணக்கை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், வெளியே பலருக்குப் புரியாது. 100 சென்ட் 1 ஏக்கர், அது சுமார் 0.405 ஹெக்டேர், ஹெக்டேரையும் சேர்த்தே எழுதுங்கள்.

மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அங்கே எதிர்ப்படுவதைச் சொல்லுங்கள்.

கால்கரி, கனடா

இங்கே பேச்சே 'குவார்ட்டர்' கணக்கில்தான். அவரிடம் பத்துக் குவார்ட்டர் இருக்கிறது என்றால் 1,600 ஏக்கர். ஒரு செக்‌ஷன் 1 சதுர மைல், 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். 1872-ல் வந்த டொமினியன் நிலச் சட்டம் குடியேறியவர்களுக்குக் கொடுத்ததும் இந்த 160 ஏக்கர்தான். அமெரிக்காவின் 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்திலும் அதே அளவு.

36 செக்‌ஷன் சேர்ந்தால் 6-க்கு 6 மைல் டவுன்ஷிப். அதனால் டவுன்ஷிப் என்ற சொல்லைப் பார்த்து அங்கே ஊர் இருக்கும் என்று நம்ப வேண்டாம், வெறும் கோதுமை வயலாக இருக்கலாம். பத்திரத்தில் 'என்.டபிள்யூ. 14-23-4 டபிள்யூ5' என்று வந்தால் இடமிருந்து படிக்க வேண்டும்: வடமேற்குக் குவார்ட்டர், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 23, ரேஞ்ச் (மேற்கு நோக்கி எண்ணும் டவுன்ஷிப் வரிசை) 4, நில அளவைக்கென வகுத்த ஐந்தாவது தீர்க்கரேகைக்கு மேற்கே.

பெரிய தவறு நடப்பது அமெரிக்கப் பழக்கத்தோடு கனடா வரைபடத்தைப் படிக்கும்போது. அமெரிக்காவில் செக்‌ஷன் 1 டவுன்ஷிப்பின் வடகிழக்கு மூலையில் தொடங்கும். கனடாவில் தென்கிழக்கு மூலையில் தொடங்கும். இரண்டுமே பாம்பு போல வளைந்து 36 வரை போகின்றன, ஆனால் எதிரெதிர்த் திசையில். எண்ணை மட்டும் நம்பிப் போனால் ஐந்து மைல் தள்ளி வேறொருவர் நிலத்தில் நிற்க நேரும். சாலைக்கான இடத்திலும் வேறுபாடு உண்டு. கனடாவின் இந்தப் பக்கம் பெரும்பாலும் 66 அடி சாலை ஒதுக்கீடு செக்‌ஷனுக்கு வெளியே. அமெரிக்காவில் பெரும்பாலும் செக்‌ஷனுக்குள்ளிருந்தே போகும்.

'ஏக்கரேஜ்' விற்பனைக்கு என்று விளம்பரம் வந்தால் அது பரப்பளவைச் சொல்லவில்லை. நாட்டுப்புறத்தில் சில ஏக்கரோடு இருக்கும் வீடு, அவ்வளவுதான்.

ஆக்லாந்து, நியூசிலாந்து

இங்கே செக்‌ஷன் என்றால் வீட்டுமனை! பழைய வழக்கில் கால் ஏக்கர், இப்போது அதைவிடச் சின்னது. கால்கரிக்காரர் சொல்லும் ஏக்கரேஜுக்கு இங்கே 'லைஃப்ஸ்டைல் பிளாக்' என்று பெயர். பால் பண்ணை விளம்பரத்தில் 'ரன்-ஆஃப்' என்றிருந்தால் மழைநீர் வடிவதைச் சொல்லவில்லை. கன்றுகளையும் கறவை வற்றிய மாடுகளையும் விடுகிற, பண்ணையை விட்டுத் தள்ளியிருக்கும் துண்டு நிலம்.

குன்னூர், தேயிலை

செக்‌ஷனுக்கு மூன்றாவது பொருளும் உண்டு. அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்துக்குள் எண் போட்டுப் பிரித்த பாத்திதான் செக்‌ஷன். அதையே நாம் 'ஃபீல்டு' என்கிறோம். கவாத்துப் பதிவேடு, உரக்கணக்கு எல்லாம் அந்த எண்ணில்தான் ஓடும், ஆகவே அங்கிருந்து மாற்றலாகி வருபவர்கள் முதல் நாளே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. முழுத் தோட்டத்துக்கு அஸ்ஸாம், டார்ஜிலிங் பக்கம் 'டீ கார்டன்'. நீலகிரி, வால்பாறை, இலங்கையில் 'எஸ்டேட்'. இலங்கையில் எஸ்டேட் என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே ஒரு பிரிவு: 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பு, அங்கேயே குடியிருக்கும் தொழிலாளர் 10 பேராவது இருக்க வேண்டும். மலையகத் தமிழரின் படிப்பு, வறுமை பற்றிய அரசுப் புள்ளிவிவரங்களை இந்த வரையறை தெரியாமல் படிக்கக் கூடாது. தோட்டத்தை விட்டு வெளியேறி ஊரில் குடியிருக்கும் குடும்பம் அந்தப் பத்தியில் வராது.

அமெரிக்கருக்கு எழுதும்போது 'பிளான்டேஷன்' என்ற சொல்லைத் தவிர்ப்பதே மேல். அங்கே அது அடிமை முறையின் நினைவு. ரோட் ஐலண்டு மாநிலம் தன் முழுப் பெயரிலிருந்த அந்தச் சொல்லை 2020-ல் வாக்கெடுப்பு நடத்தி நீக்கியது.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், ஆஸ்திரேலியா

ஸ்டேஷனில் வேலை என்று விளம்பரம் பார்த்து ரயில் நிலையமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆடோ மாடோ மேய்க்கும் மிகப் பெரிய பண்ணை அது. தெற்கு ஆஸ்திரேலியாவின் அன்னா கிரீக், 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பக்கம் நிலம் பெரும்பாலும் அரசிடமிருந்து மேய்ச்சல் குத்தகை, அதாவது விலைக்கு வாங்குபவர் குத்தகை உரிமையைத்தான் வாங்குகிறார். மேய்ச்சலைத் தவிர வேறு எது செய்யவும் அனுமதி வேண்டும். 'வாக்-இன் வாக்-அவுட்' என்ற விலையில் மாடு, வண்டி, தளவாடம் எல்லாம் அடக்கம். அது இல்லையென்றால் மாட்டுக்குத் தனி விலை. 'ஹோம்ஸ்டெட்' இங்கே நிலமல்ல, ஸ்டேஷனின் தலைமை வீடு. 'பேடக்' இங்கிலாந்தில் குதிரை கட்டும் சின்னப் புல்வெளி, இங்கே வேலி போட்ட எந்த நிலமும் பேடக், ஆயிரக்கணக்கான ஏக்கர் இருந்தாலும். பேடக்கில் வேலி பார்த்துவிட்டு வா என்றால் தண்ணீரும் உபரி டயரும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

இன்வர்னஸ், ஸ்காட்லாந்து

கிராஃப்ட் என்றால் குடிசை என்று பலர் மொழிபெயர்க்கிறார்கள். கிராஃப்ட் என்பது குடிவாரத்தில் பயிரிடும் சிறு நிலம், அதிலிருக்கும் வீடு கிராஃப்ட் வீடு. 1886 சட்டம் குடியானவருக்கு நிலையான குடிவாரப் பாதுகாப்பு கொடுத்தது, 1976-லிருந்து ஆண்டு வாடகையைப் போல 15 மடங்கு கொடுத்து நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். சொந்தமான பிறகும் கடமை போகாது: 32 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும், பயிர் செய்ய வேண்டும், நிலத்தைத் தரிசாகப் போட்டுக் கெடுக்கக் கூடாது. மலிவாக ஒரு கிராஃப்ட் விலைக்கு வந்தால் அது பெரும்பாலும் குடிவார உரிமை மட்டும். பெயர் மாற்றக் கிராஃப்டிங் ஆணையம் சம்மதிக்க வேண்டும். வங்கிகள் இதற்குக் கடன் தரத் தயங்கும். வீட்டு மனையை மட்டும் கிராஃப்டிலிருந்து பிரித்துவிட்டுத்தான் அதன்மேல் அடமானம் வைப்பது வழக்கம்.

டெக்சாஸ்

ராஞ்ச் என்றாலே மாடு என்று நினைக்க வேண்டாம். இங்கே அப்படித்தான், ஆனால் கலிபோர்னியாவில் பாதாம் தோப்பும் ராஞ்ச்தான். இன்னொன்று: நம்மூர் போலவே இங்கும் 'டேங்க்' என்றால் மண் கரை போட்ட குளம். மற்ற மாநிலத்தவர்கள் இரும்புத் தொட்டி என்று நினைத்துவிடுகிறார்கள்.

கோவை, ஆவண மொழிபெயர்ப்பு

டெக்சாஸ் நண்பர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய ஆங்கிலப் பத்திரத்தில் வடக்கு எல்லை 'டேங்க்' என்றிருந்தால் அது ஏரி. அதைத் தொட்டி என்று தமிழாக்கினால் ஏரிப் புறம்போக்கை ஒட்டிய நிலம் என்ற விவரமே அழிந்துவிடும். பிறகு அளவைக் கல் தகராறு வரும்போது எல்லையைப் பத்திரத்திலிருந்து நிரூபிக்க வழியில்லை. கிராம வரைபடத்தில் ஏரியின் புல எண்ணைப் பார்த்து, அதையும் எல்லை விவரத்தில் சேர்த்துவிடுங்கள்.