கார்மென்ட் பிள்ளைகளின் தனிமை: மார்க்ஸா, துர்கைமா?

பாலைமரம்:
இறுதி வருட ஆய்வுக்கு, கிளிநொச்சிப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கிற பெண்களின் தனிமைப்படலை எடுத்திருக்கிறேன். மார்க்ஸோடு தொடங்கினால் ஆய்வு மேற்பார்வையாளர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைமையும் சேர் என்கிறார். சேர்த்தால் வினாக்கொத்து 60 கேள்வியைத் தாண்டுது. எதை விடலாம்? தையல் லைனில் தோளோடு தோள் இருக்கிறவையைத் தனிமைப்பட்டவை என்று சொல்லேலுமோ?

இரணைமடு:
சொல்லலாம். ஒருத்தி கொலர் மட்டும் தைப்பாள், அடுத்தவள் கை மட்டும். முன்னுக்கு இருக்கிறவள் பிந்தினால் பின்னுக்கு இருக்கிறவளின் டார்கெட்டும் விழும். பக்கத்து ஆள் துணையாக இல்லாமல் நெருக்குற ஆளாக மாறுறது அங்கதான். மார்க்ஸ் 1844 கையெழுத்துப் படிகளில் சொன்ன நாலு அந்நியமாதலில் (வேலை செய்யிறவர் தன் வேலையோடும் ஆட்களோடும் ஒட்டில்லாமல் போறது) சக மனிதரிடமிருந்து விலகுறது இது. துர்கைம் 1893இல் வேறு கதை சொல்கிறார்: வேலைப் பிரிவினை தானாக ஆட்களைப் பிரிக்காது, தன் வேலை மற்றவரின் வேலையோடு எப்படிச் சேருது என்று தெரியாமல் போனால்தான் ஒட்டு முறியும்.

ஆகவே ஒரு கேள்வி போடுங்கோ: "நீங்கள் தைக்கிற துண்டு கடைசியில் என்ன உடுப்பாகுது?" நல்லாத் தெரிஞ்சும் ஒட்டாமல் இருக்கிறாள் என்றால் துர்கைமின் விளக்கம் காணாது.

முறிகண்டியான்:
60 கேள்வி வேண்டாம். குழப்பம் மெல்வின் சீமனிலிருந்து வருது (அரசியல்வாதி சீமான் இல்லை, இவர் அமெரிக்கச் சமூகவியலாளர்). 1959இல் அந்நியமாதலை ஐந்தாகப் பிரித்தார். அதில் "தனிமைப்படல்" என்றால் ஆளில்லாத தனிமை இல்லை. ஊர் உயர்வாக மதிக்கிறதைத் தான் மதிக்காமல் விடுறது. பிளவுனர் என்ற இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் 1964இல் அதை வேலைத்தலத்தில் "நாங்கள்" என்ற உணர்வில்லாமல் போறதாக எடுத்தார். இரண்டையும் ஒரே அளவுகோலில் கலந்தால் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகுது என்று காட்டுற குரொன்பாக் அல்பா 0.7க்குக் கீழ இறங்கக்கூடும். பிறகு கேள்விகளில் பிழை தேடிக்கொண்டு இருப்பீங்கள்.

பிளவுனரை மட்டும் எடுங்கோ. அச்சகம், நெசவாலை, கார், இரசாயனம் நாலையும் ஒப்பிட்டவர். அமெரிக்கத் தென் மாநில நெசவாலைகளில் தொழிலாளிக்கு வேலையில் ஒரு பிடியும் இல்லை, ஆனால் சொந்தமும் சேர்ச்சும் சின்ன ஊரும் தாங்கிப் பிடிச்சது. கண்டாவளையிலிருந்து பஸ்ஸில் வந்து பின்னேரம் வீடு திரும்புறவளையும் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் வேலைசெய்து போர்டிங்கில் இருக்கிறவளையும் ஒப்பிட்டால் அதே சோதனை இங்கயும் செய்யலாம். ஒன்று மட்டும்: 2009க்குப் பிறகு மீள்குடியேறின இடங்களில் அயலட்டை பழைய அயலட்டை இல்லை. எந்த வருடம் இந்த ஊருக்கு வந்தவை, அயலில் எத்தனை வீடு சொந்தம் என்ற இரண்டையும் கேளாமல் "ஊர் தாங்குது" என்று எழுதிப்போடாதேங்கோ.

வெள்ளாங்குளம்:
தங்கச்சி, களத்தில் கெடுறதுதான் கூட. நிர்வாகம் தெரிஞ்செடுத்துத் தாற ஆட்களை எடுக்க வேண்டாம். கேற்றடியில் கேட்டால் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே பதில் வரும்; ஞாயிறில் வீட்டுக்குப் போங்கோ. ஆனால் பைலோட வாற ஆளைக் கண்டால் நுண்கடன் அறவிட வந்தவர் என்று ஒளிச்சிடுவினம். தெரிஞ்ச ஒருத்தியோட போறது நல்லது.

"எனக்கு நண்பர்கள் இல்லை" என்ற மாதிரி எதிர்மறை வாக்கியம் வைத்தால் "ஓம்" என்ற பதில் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியாது. விடைக்கு ஐந்து படி வைத்தால் நடுவைக் கீறிப்போட்டுப் போவினம். "நேற்று மத்தியானம் யாரோட இருந்து சாப்பிட்டீங்கள்?" என்று நடந்ததைக் கேளுங்கோ. முதலில் 10 பேரிடம் ஓட்டிப் பார்த்துத்தான் அச்சடிக்கிறது.

பாலைமரம்:
நன்றி அண்ணை. ஒப்பீட்டுக்கு வயல் கூலிக்காரரையும் சேர்க்கலாமோ?

இரணைமடு:
விடுங்கோ. அது போகத்தோட வந்து போற வேலை, வெட்டு மெஷின் வந்தபிறகு கூட்டமாக அருவி வெட்டுறதும் குறைஞ்சு போச்சு. அதுக்குத் தனி ஆய்வு வேணும்.